சேதன விவசாயமும் கொல்லாமை அறமும்

சைவ சமயம் எமக்குக் கற்பித்த அறங்களுள் தலையாயது உயிர்களிடத்து அன்பு பாராட்டுதல் ஆகும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் சைவ வினாவிடையைச் சிறுவயதிற் படித்தவர்கள், கொலையும் புலாலுண்ணலும் பாவங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை அறிவர். திருவள்ளுவரும் புலால் மறுத்தல், கொல்லாமை என்று இரண்டு அதிகாரங்களை இதற்கென ஒதுக்கியுள்ளார். எமது பிரதேசம் கடலும் களப்பும் வயலும் சூழ்ந்தது. மீன் உண்ணும் குடும்பங்கள் பல உண்டு. ஆயினும் திருவிழாக் காலத்திலும் விரத நாட்களிலும் வீடு வாசல் கழுவி, சட்டி பானை மாற்றிச் சைவமாக இருப்பதை யாவரும் கைக்கொண்டு வருகின்றோம்.

அவ்வாறு இருக்கும் நாளில் ஒரு கேள்வியைச் சிந்திப்பது பொருத்தமாகும். இலையில் இருப்பது சோறும் மரக்கறியும்தான். ஆனால் அந்தச் சோறு விளைந்த வயலில் உயிர்க்கொலை நடக்கவில்லையா? இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இல்லாத சேதன விவசாயமே தருமமான விவசாயம் என்று இக்காலத்திற் பலரும் கூறுகின்றனர். அது கொல்லாமை அறத்துடன் முழுமையாகப் பொருந்துமா?

நனிசைவம் என்னும் கொள்கை

மேலைநாடுகளில் 'வீகன்' எனப்படும் கொள்கையினர் பெருகி வருகின்றனர். 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். தமிழில் இதனை நனிசைவம் என்பர். இவர்கள் மாமிசம், மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன், தோற்பொருட்கள் யாவற்றையும் விலக்குவர். பிற உயிரை எமது தேவைக்கான கருவியாக்குதல் கூடாது என்பதே அவர்களின் வாதம்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. சேதன விவசாயம் பெரும்பாலும் கால்நடைகளை நம்பியே நடக்கின்றது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் ஐயா காலத்திற் புகழ்பெற்ற பஞ்சகவ்வியம், சாணம், கோசலம், பால், தயிர், நெய் என்னும் ஐந்தையும் சேர்த்தே செய்யப்படுகின்றது. மீன்கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து மீன் அமிலம் செய்கின்றனர். எலும்புத்தூளும் உலர்ந்த இரத்தமும் கூடச் சேதனப் பசளைகளே. இறைச்சிக் கோழிப் பண்ணைகளின் எருவும் அவ்வாறே. ஆகவே மாமிசம் தீண்டாத ஒருவர் வாங்கும் சேதன மரக்கறி, கொலைக்களத்தின் எலும்பை உண்டு வளர்ந்ததாகவும் இருக்கலாம்.

கொலையில்லாத உழவு உண்டா?

முதலில் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். நிலத்தை உழுதால் புழு பூச்சிகள் மடியும். எந்த முறையில் உழுதாலும் இது நேரும். அசுவகோசர் பாடிய புத்தசரிதத்தில், உழுத நிலத்திற் சிதைந்து கிடந்த சிற்றுயிர்களைக் கண்டு சித்தார்த்தர் மனம் வருந்தியதாகக் கூறப்பட்டுள்ளது. வேப்பங்கொட்டைச் சாறும் பூச்சிகளை அழிக்கவே தெளிக்கப்படுகின்றது. சேதன விவசாயி என்பதனால் ஒருவர் கொலை செய்யாதவர் ஆகிவிடமாட்டார்.

கொல்லாமையை எவரினும் கண்டிப்பாகக் கைக்கொண்ட சமணர்கள் இதற்கு ஒரு தெளிவான விடை கூறினர். இல்லறத்தாருக்கு நேரும் இம்சையை அவர்கள் நான்காகப் பிரித்தனர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது ஒன்று. வீட்டு வேலைகளில் நேர்வது இன்னொன்று. தொழிலில் நேர்வது மூன்றாவது. தற்காப்பில் நேர்வது நான்காவது. முதலாவதை அறவே விலக்க வேண்டும், மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது அவர்களின் முடிபு. வந்தவாசிப் பகுதித் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழவுத் தொழில் செய்து வருவதும் இதனாலேயே இயல்கின்றது.

இந்த அளவுகோல் எமக்கும் பயன்படும். கிருமிநாசினி தீங்கு செய்யும் பூச்சியை மட்டும் கொல்வதில்லை. அறக்கொட்டியைப் பிடித்துண்ணும் சிலந்தியையும் தும்பியையும் சேர்த்தே கொல்கின்றது. அவை அழிந்தபின் அறக்கொட்டி முன்னிலும் பெருகுவதுண்டு, பின்னர் மறுபடியும் நஞ்சு தேவைப்படும். வயலிற் பறவை குந்தத் தடி நாட்டுபவரும், பூச்சியின் அளவைப் பார்த்துத் தேவையான இடத்தில் மட்டும் வேப்பஞ்சாறு தெளிப்பவரும் இம்சையைக் குறைக்கின்றனர். இந்த வகையிற் சேதன விவசாயம் கொல்லாமைக்கு அண்மையில் நிற்கின்றது.

எரு வரும் வழி

திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில், உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நல்லது என்று கூறுகின்றார். புலால் மறுத்தலில், உண்பவர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்று வாதிடுகின்றார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் எமது கேள்விக்கு வழி பிறக்கும். எலும்புத்தூளையும் இரத்தத்தூளையும் காசு கொடுத்து வாங்குபவர், கொலைத் தொழிலுக்கு இன்னொரு வருமானம் கொடுக்கின்றார். இறைச்சிக் கோழிப் பண்ணையின் எருவை வாங்குவதும் அத்தகையதே. ஆனால் உயிருடன் இருக்கும் மாடு மேய்ந்து இடும் சாணம் எந்தக் கொலையிலும் பிறந்ததன்று.

இவை எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்சயரில் இயன் டோல்ஹர்ஸ்ட் என்பவர் கால்நடை எருவே இல்லாமற் பசுந்தாட் பசளையைக் கொண்டு நீண்டகாலமாக மரக்கறி விளைவித்து வருகின்றார். எமது வேலிகளில் நிற்கும் கிளிசரியாக் குழையும், பூவரசு, வேம்பு இலைகளும், சணலும், சூடடித்தபின் எரிக்கப்படும் வைக்கோலும் இதற்கு உதவும். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பிக் கொடுத்தாற் பெரும் பசளை மிச்சமாகும்.

பாலும் பசுவும்

நனிசைவர் எம்மிடம் கேட்கும் கடினமான கேள்வி பாலைப் பற்றியதே. ஆனைந்து அபிஷேகமின்றி எமது பூசை இல்லை. திருநீறும் பசுவின் சாணத்திலிருந்தே கிடைக்கின்றது. பசுவை அடித்த ஆயனைத் தடுத்துத் தானே மேய்க்கச் சென்ற சண்டேசுர நாயனாரையும், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனையும் போற்றுகின்ற மரபு எம்முடையது. அந்த மரபிற் பால் என்பது கன்று உண்டு எஞ்சியது, அன்போடு பெறப்பட்டது.

இன்று அது அவ்வாறு உள்ளதா? பட்டிப் பொங்கலன்று மாலை சூட்டிய பசுவை, பால் வற்றியபின் இறைச்சிக்கு விற்பவர்கள் எம்மிடையே இல்லையா? வாங்குபவரைக் குறை கூறுவதிற் பயனில்லை, விற்பவர் நாமே. உழவு இயந்திரம் வந்தபின் நாம்பன் கன்றுக்கும் வேலையில்லை. அதன் கதியும் அதுவே. பால் தரும் வரை தாய், பிறகு பணம் என்றால், நனிசைவரின் குற்றச்சாட்டுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

சேதன விவசாயத்தின் பெருமை இங்கேதான் வெளிப்படுகின்றது. பசளைப் பையை மட்டும் நம்பும் விவசாயத்திற் பால் வற்றிய பசு வீண் செலவு. எருவை நம்பும் விவசாயத்தில் அது கடைசி நாள் வரை எரு தரும் செல்வம். கிழப்பசுவையும் காப்பாற்றுவதற்கு அது ஒரு காரணம் தருகின்றது. மேய்ச்சல் தரை சுருங்கிவரும் நாளில் ஓர் ஏழைக் குடும்பம் தனியே இதனைச் செய்வது கடினம். ஆலயத்தைச் சூழ்ந்த சில குடும்பங்கள் சேர்ந்து வயது சென்ற மாடுகளை ஒரு பட்டியில் வைத்துப் பராமரித்து, எருவைப் பங்கிட்டுக்கொண்டாற் செலவும் பகிரப்படும், பாவமும் நீங்கும்.

பசியும் இம்சையே

ஒன்றை மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. யூரியா 100 கிலோவில் 46 கிலோ நைதரசன் உண்டு. மக்கிய மாட்டெரு 100 கிலோவில் ஏறக்குறைய ஒரு கிலோவே இருக்கும். அந்தக் குறையை ஒரு போகத்தில் நிரப்ப எருவும் இல்லை, ஆயத்தமும் இல்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நாடு அரிசி இறக்குமதி செய்தது. விவசாயிகள் கடன்பட்டனர். 2006இல் இடம்பெயர்ந்த மூதூர் கிழக்கு மக்களிற் பலர் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். வயலையும் மாட்டையும் இழந்தவரின் பசி எத்தகையது என்பதை எமது மண்ணுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வள்ளலார் 1867இல் வடலூரிற் சத்திய தருமச்சாலையை நிறுவி, பசித்தவருக்குச் சோறிடுவதையே சீவகாருண்யத்தின் முதற்படியாக வைத்தார். விளைச்சலைக் கெடுத்து மனிதரைப் பட்டினி போட்டு நிலைநாட்டும் கொல்லாமை அவர் காட்டிய கொல்லாமை ஆகாது. ஆகவே மாற்றம் படிப்படியாகவே வர வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் தொடங்கலாம். பின் ஒரு வரவையில், அதன்பின் ஒரு வயலில் செய்து பார்க்கலாம்.

முடிவாகக் கூறின், சேதன விவசாயம் தானாகவே கொல்லாமை ஆகிவிடாது. எருவின் வழியை ஆராய்ந்து, நஞ்சைக் குறைத்து, பால் வற்றிய பசுவையும் காப்பாற்றும்போதே அது அறமாகின்றது. அறுவடையின் புதிர் அரிசியை ஆலயத்திற் படைக்கும்போது, அந்த அரிசி விளைந்த வழியையும் சேர்த்தே நாம் இறைவனிடம் ஒப்படைக்கின்றோம். அந்த வழி இயன்றவரை தூயதாக அமையவும், எமது ஊரில் வயலும் பட்டியும் செழிக்கவும், எவ்வுயிரும் துன்பமின்றி வாழவும் எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருளை வேண்டுவோமாக.