தீர்ப்புக்கு முந்திய நீதி

ஒரு நிலம் யாருடையது என்று தெரியாத நிலையிலேயே, அதன்மேல் உரிமை கோரும் ஒருவரை மற்றொருவரின் வேண்டுகோளின்பேரில் கட்டுப்படுத்துவது அறமாகுமா என்ற வினா, பாகப்பிரிவினை வழக்குகளில் பிறப்பிக்கப்படும் இடைக்காலத் தடையாணையின் அடியில் கிடக்கிறது. தண்டனைக்கு முன் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புவர். இங்கோ சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்படுவதற்கு முன்பே, பிரமாணப் பத்திரங்களையும் கைக்குக் கிடைத்த சில ஆவணங்களையும் மட்டும் பார்த்து, நிலத்தை விற்கக் கூடாது, மரங்களை வெட்டக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிடுகிறது.

1908ஆம் ஆண்டின் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை இதற்கான அதிகாரத்தை வழங்குகிறது. வழக்கிற்குரிய சொத்து, தரப்பினர் எவராலும் வீணாக்கப்படவோ சேதப்படுத்தப்படவோ கைமாற்றப்படவோ கூடும் என்ற ஆபத்து இருக்கும்போது ஆணை பிறப்பிக்கலாம் என்று அது கூறுகிறது. நீதிமன்றங்கள் இதற்கு மூன்று அளவைகளை வகுத்துக்கொண்டுள்ளன: மனுதாரரின் கோரிக்கைக்கு முகாந்திரம், அதாவது விசாரிக்கத்தக்க முதல்தோற்ற நியாயம் இருக்க வேண்டும், ஆணை தருவதால் ஒருவர்க்கு நேரும் இடர், தராமல் விடுவதால் மற்றவர்க்கு நேரும் இடரைவிடக் குறைவாக இருக்க வேண்டும், ஆணை இல்லையேல் பின்னர்ப் பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேர வேண்டும். இம்மூன்றில் மெய்யியல் ஆழம் உடையது மூன்றாவதே. முதலிரண்டும் அறிவின் குறைவையும் தீங்கின் அளவையும் பற்றியவை. மூன்றாவது, காலம் பின்னோக்கி ஓடாது என்பதைப் பற்றியது. ஒரு நிலத்துக்கு மற்றொரு நிலமோ அதன் விலையோ ஈடாகாது என்பது சட்டத்தின் நெடுநாளைய எண்ணம். நிலம் விற்கும் ஒப்பந்தம் மீறப்பட்டால் பண இழப்பீடு போதாது என்ற அனுமானத்தை 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் வெளிப்படையாகவே கொண்டிருந்தது.

இவ்வாறு காக்கப்படுவது எது என்பதில் பழைய அறநூல் உரைகாரர் இருவரின் கருத்து மாறுபாடு இன்றும் பொருளுடையது. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் ஆட்சியில் கல்யாணியில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய மிதாட்சரம் என்னும் உரையில், மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்றும், பங்கீடு புதிதாக உரிமையைப் படைப்பதில்லை, ஏற்கெனவே உள்ளதைப் பிரித்துக் காட்டுகிறது என்றும் வாதிட்டார். வங்கத்தின் ஜீமூதவாகனர் தம் தாயபாகத்தில் இதை மறுத்து, தந்தையின் உரிமை மரணத்தாலோ துறவு முதலியவற்றாலோ நீங்கிய பின்னரே மக்களின் உரிமை தோன்றும் என்றார். உடைமை என்பது சாத்திரத்தால் மட்டுமே அறியப்படுவதா, உலக வழக்கால் அறியப்படுவதா என்ற கேள்விக்கும் விஞ்ஞானேசுவரர் விடை சொன்னார்: சாத்திரம் அறியாத எல்லைப்புற மக்களிடமும் வாங்கலும் விற்றலும் நடப்பதால் அது உலகியலைச் சேர்ந்ததே.

பிறப்புரிமைக் கொள்கையை ஏற்றால் தடையாணைக்கு அறநியாயம் எளிதில் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். இருக்கும் உரிமையைத்தானே நீதிமன்றம் காக்கிறது எனலாம். ஆனால் குடும்பத் தலைவர் கூட்டுச் சொத்தை விற்பதைத் தடுக்கக் கூட்டுப் பங்காளியான மகன் தடையாணை கோர முடியாது, விற்பனை நடந்தபின் அதை எதிர்த்து வழக்காடலாம் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சொத்தை அழிப்பதும் பங்காளியை வெளியேற்றுவதும் மட்டுமே விலக்காகக் குறிப்பிடப்பட்டன. பிறவியால் வந்த உரிமையும் தடுக்கும் ஆற்றலும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. மகள்களின் நிலை இன்னும் நுட்பமானது. தமிழ்நாடு 1989இலும் ஒன்றிய அரசு 2005இலும் செய்த திருத்தங்களால் அவர்கள் கூட்டுப் பங்காளிகளாயினர். அவ்வுரிமை பிறப்பால் வருவதாதலின், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தெளிவுபடுத்தியது. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளைத் திருத்தச் சட்டம் தொடவில்லை. பிறப்போடு வந்ததாகச் சொல்லப்படும் உரிமைக்கு ஒரு நாட்காட்டித் தேதி எல்லையாகும்போது, அது உலகியலைச் சேர்ந்தது என்ற விஞ்ஞானேசுவரரின் விடையே வலுப்பெறுகிறது. ஆகவே தடையாணையின் நியாயத்தை உரிமையில் தேடுவதைவிட, உரிமை இன்னும் தெரியவில்லை என்ற ஒப்புதலில் தேடுவதே பொருந்தும். நீதிபதி தம் அறியாமையைக் கணக்கில் கொண்டு, நாளை உண்மை தெரியவரும்போது அது செயல்படுவதற்கு ஒரு நிலம் மிஞ்சியிருக்கட்டும் என்கிறார்.

அத்தகைய ஆணைக்கு எல்லை உண்டு என்பதை நாரத ஸ்மிருதி வியப்பூட்டும் தெளிவோடு கண்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை எதிராளியைக் கட்டுப்படுத்துவதை ஆசேதம் என்று பெயரிட்டு, இடம், காலம், பயணம், செயல் ஆகியவை பற்றி அதை நால்வகையாக வகுக்கும் அந்நூல், மாடு மேய்க்கும்போது இடையனையும், விதைக்கும் பருவத்தில் உழவனையும், வேலையில் இருக்கும்போது கைவினைஞனையும், போரின்போது வீரனையும் கட்டுப்படுத்தலாகாது என்கிறது. விதைப்பைத் தடுத்து நிலத்தைத் தரிசாக்கும் ஆணை, நிலத்தைக் காத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. விளைச்சலைத் தடுக்காமல் நிலத்தைக் காக்கும் இந்த அக்கறைக்கு இக்காலத்தில் இணையானது, சொத்தைப் பேணவும் வருவாய்க்குக் கணக்கு வைக்கவும் நீதிமன்றம் பெறுநர் ஒருவரை அமர்த்தும் 40ஆம் கட்டளை.

இனி, நடப்பு நிலை தொடரட்டும் என்னும் ஆணை இரு தரப்புக்கும் சமமானது என்று கருதுவது பிழை. அது அனுபவத்தில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் விளைச்சலைத் தருகிறது, வெளியே நிற்பவருக்குக் காத்திருப்பைத் தருகிறது. ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லாருடைய அனுபவமாகவே கருதப்படும் என்ற சட்டக் கோட்பாடு பங்கைக் காக்குமேயன்றிப் பசியை ஆற்றாது. எதிர்த்தரப்பைக் கேளாமல் தரப்படும் தடையாணை குறித்த மனுவை 30 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 39ஆம் கட்டளையின் 3அ விதி கூறுவது இதனாலேயே. அறியாமையின் பெயரால் தரப்பட்ட ஆணை, அறிய முயலாமலே பல ஆண்டுகள் நீடித்தால், அது சான்று கேளாத தீர்ப்பாகிவிடுகிறது. அதற்கு அறநியாயம் இல்லை.

தவறாகப் பெற்ற தடைக்குப் பொறுப்பேற்பது யார் என்பதே எஞ்சிய வினா. கட்டுப்படுத்தத் தகாதவரைக் கட்டுப்படுத்தச் செய்தவனை அரசன் தண்டிக்க வேண்டும் என்று நாரதர் விதித்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவும் போதிய காரணமின்றித் தடையாணை பெற்றவரிடமிருந்து எதிர்த்தரப்பு இழப்பீடு பெற வழி செய்கிறது. அப்பிரிவின்படி வழங்கத்தக்க உச்சத் தொகை 50,000 ரூபாய்.