இரக்கத்திற்குக் கூலி

இரக்கம் பிள்ளையோடு பிறக்கிறதா, பெற்றோர் புகட்டி வருவதா? இக்கேள்விக்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே நம் இல்லங்களில் வளர்ப்பு முறை அமைகிறது. பிறவியில் இல்லை என்போர் மிட்டாயையும் பிரம்பையும் காட்டி அதைப் புகட்ட முனைகின்றனர். பிறவியிலேயே உண்டு என்போர், தானே வளரும் என்று வாளாவிருந்துவிடுகின்றனர்.

வார்னெக்கன், தோமசெல்லோ என்னும் இரு உளவியல் அறிஞர் 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துணி உலர்த்தும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு, எடுக்க எட்டாமல் கை நீட்டுகிறார். 18 மாதக் குழந்தைகளிற் பலர் தத்தித் தத்திச் சென்று அதை எடுத்துக் கொடுத்தனர். எவரும் ஏவவில்லை, பரிசும் இல்லை. 2008-இல் அவர்களே மற்றொன்றையும் கண்டனர். உதவும்போதெல்லாம் விளையாட்டுப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் முன்போல் உதவவில்லை. பரிசே பெறாத குழந்தைகளோ தொடர்ந்து உதவினர். வித்து பிறவியில் உண்டு. கூலி அதைக் கெடுக்கவும் கூடும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

அவ்வாறாயின் வித்து வளர நாம் செய்யத்தக்கது யாது? பிறர் துயரைப் பிள்ளையோடு பேசுவது ஒன்று. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தாயைப் பிரிந்து தவித்த யானைக்குட்டியை வனத்துறையினர் தாயிடம் சேர்த்தனர். பின்னர், தாயின்மீது சாய்ந்து அது உறங்கும் படம் நாடெங்கும் பரவியது. அப்படத்தைப் பிள்ளையிடம் காட்டி, "பார், யானை!" என்று சொல்லி முடிக்கலாம். "அம்மாவைக் காணாதபோது குட்டிக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியே பிள்ளையைத் தன் நிலையிலிருந்து பிறர் நிலைக்கு அழைத்துச் செல்கிறது.

பிள்ளையின் துயரை நாம் மதிப்பது மற்றொன்று. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி, வளர்த்த குருவி இறந்து வாடியிருந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி அவனிடம் கனிவோடு விசாரித்தார்கள். தன் கண்ணீர் மதிக்கப்பட்டதை அறிந்த பிள்ளையே பிறர் கண்ணீரை மதிக்கும்.

மூன்றாவது, பெரியோர் செயல். டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமில் பல்லாண்டு உழைத்த கலீம் என்னும் கும்கி யானை 2023 மார்ச்சில், 60 வயதில், ஓய்வு பெற்றது. உழைப்பு நின்றபின்னும் அதற்குத் தீனியும் பராமரிப்பும் நிற்கவில்லை. பயன் கருதாத அந்தப் பேணுதலைக் காணும் பிள்ளைக்குத் தனியே ஒரு பாடம் வேண்டுமா?

இங்கு ஒரு வினா எழலாம். "ஸதகா கொடு, நன்மை கிடைக்கும்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோமே, அதுவும் கூலி காட்டுவதுதானா? இறைவன் தரும் கூலி உண்மை, அதை மறுப்பாரில்லை. ஆயினும், இறைவனுக்காகவே ஏழைக்கும் அநாதைக்கும் உணவளித்து, அவர்களிடம் கைம்மாறும் நன்றியும் நாடாத நல்லோரைத் திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் புகழ்கிறது. தன் நன்மையை மட்டுமே எண்ணி நீளும் கைக்கு, வாசலில் நிற்கும் மனிதர் வெறும் கருவியாகிவிடுகிறார். அவர் முகம் அதன் கண்ணில் படுவதேயில்லை.

ஆகவே, வரிசையை மாற்றுவோம். வாசலில் ஒருவர் வந்து நின்றால், காசைப் பிள்ளையின் கையில் திணித்து அனுப்புவதற்கு முன், "அவர் காலையிலிருந்து சாப்பிட்டாரா, போய்க் கேட்டு வா" என்று அத்தா சொல்லட்டும். நன்மையைப் பற்றிப் பிறகு பேசலாம். பசியை முதலில் அறிந்த பிள்ளை, அந்தப் பேச்சையும் சரியாகவே புரிந்துகொள்ளும்.