முதுமையின் களைப்பும் நோயின் களைப்பும்



மூப்பும் பிணியும் சாக்காடும் பிறந்தார் எவர்க்கும் உரியன. ஆயினும், நீக்கத்தக்க துன்பத்தை நீக்கலாகாத துன்பத்தோடு சேர்த்துக் கட்டி, “வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்” என்று கைவிடுதல் அறமாகுமா? புற்றுநோயுற்ற முதியோர்க்கு வரும் இரத்தசோகை இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

சித்தூர், நகரி, பலமநேர் முதலிய ஊர்களிலிருந்து முதியோர் பலர் வேலூருக்கும் திருப்பதிக்கும் சிகிச்சைக்குச் செல்கின்றனர். திருப்பதியில் 1993-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிலையமும், டாடா அறக்கட்டளையின் முயற்சியால் 2022-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் உள. கட்டிக்குச் சிகிச்சை நடைபெறுகின்றது. ஆனால், “தெருவாசல் வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது” என்று பெரியவர் சொன்னால், வீட்டார் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடுகின்றனர்.

இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். எலும்பு மஜ்ஜை புதியவற்றை ஓயாது ஆக்கி ஈடு செய்யும். புற்றுநோயில் இவ்வேலை பல வழியில் தடைப்படும். குடலிலோ இரைப்பையிலோ இரத்தம் சிறுகச் சிறுகக் கசியலாம், நோய்க்கு ஏற்றும் மருந்து மஜ்ஜையை நலிவிக்கலாம், சிறுநீரகம் தளரலாம், உணவு குறையலாம். இவையன்றி, நோயின் அழற்சியால் உடலிலுள்ள இரும்புச்சத்தே பயன்படாது அடைபட்டுக் கிடத்தலும் உண்டு. கிடங்கில் பஞ்சு நிறைந்திருந்தும் கதவு பூட்டியிருப்பின் ஆலையில் கதிர்கள் ஓடா என்பதைத் தொழிலாளர் அறிவர். ஆதலின், காரணத்தை ஆராயாமல் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்து அமைதியுறுதல் போதாது.

ஹிமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை என உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வகுத்தது. அவ்வெண்ணை உயர்த்திவிட்டால் எல்லாம் சீராகுமோ எனின், அதுவும் அன்று. இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொயட்டின் ஊசியைப் பற்றி 2003-இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகளில், ஊசி பெற்ற புற்றுநோயாளர் பெறாதோரினும் குறைவாகவே உயிர் பிழைத்திருந்தனர். 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அம்மருந்துக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. எண் உயர்ந்தது, வாழ்வு உயரவில்லை.

இரத்தம் ஏற்றுதலும் அவ்வாறே அளவறிந்து செய்யத்தக்கது. ஒரு பை இரத்தம் ஹிமோகுளோபினை ஏறத்தாழ ஒரு கிராம் உயர்த்தும். தளர்ந்த இதயமுடைய முதியவர்க்கு அது விரைந்து ஏறினால் மூச்சுத் திணறும். மேலும், களைப்புக்கு வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியனவும் காரணமாகலாம்.

எனவே கைவிடுதலும் பிழை. எண்ணையே குறியாகக் கொள்ளுதலும் பிழை. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று முதியவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “உங்களால் எதைச் செய்ய முடிந்தால் இந்நாள் நல்ல நாளாகும்?” பிறர் தாங்காமல் குளிப்பதா, பேரனை மடியில் வைத்திருப்பதா, பௌர்ணமியன்று விகாரைக்கு வருவதா? சிகிச்சை அதற்கு உதவுமாயின், வயதைக் காட்டி மறுத்தல் கொடுமை. “போதும்” என்று அவர் தெளிந்து சொல்வாராயின், வற்புறுத்தலும் கொடுமையே. முடிவு அவருடையது.

எண்பதாம் வயதில், உதிரப்போக்கால் நலிந்த பகவான் புத்தர், குசிநாரை செல்லும் வழியில் மரநிழலில் அமர்ந்து தண்ணீர் கேட்டார். வண்டிகள் கலக்கிய நீர் என்று ஆனந்தர் தயங்கினார். மீண்டும் மீண்டும் கேட்கவே, சென்று கொணர்ந்தார். நம் வீட்டு முதியோரோ ஒருமுறை கேட்டு, மறுமொழி இல்லையெனில் அடங்கிவிடுவர். அவர்கள் இரண்டாம் முறை கேட்குமாறு வைத்தல் நமக்கு அழகன்று.

ஆதலால், அடுத்தமுறை மருத்துவரிடம் செல்கையில் கட்டியைப் பற்றி மட்டுமன்றி, களைப்பைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பி உடல்நலமும் உடையோர் குருதி ஈயுங்கள். முகமறியா முதியவர் ஒருவர் தம் வாசல் வரை நடந்து வெயில் காய்வாராயின், அதுவும் மைத்திரியின் பயனே.