சார்ஜ் ஏறுது, ஆனா ஒன்னும் வரல!



ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் கோயிலில் தேவார வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி கைப்பேசியும் மடிக்கணினியுமாக வந்து நின்றான். “அண்ணே, ஒயரைச் சொருகினா சார்ஜ் ஏறுது. கம்ப்யூட்டர்ல போனையே காட்டல!”

உள்ளே இருந்தது அவன் தாத்தா பாடிய தேவாரம். அவருக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்தான். போனோ பழசு, அடிக்கடி தானாக அணைந்துவிடும்.

முதலில் ஒயரைப் பார்த்தேன். சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் 4 கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு ஒயர்கள் சிலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. வேறு ஒயர் மாற்றினோம். அப்பவும் வரல. போன் பூட்டியிருந்தது! திரையைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்து, யூ.எஸ்.பி. அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள், நாம் சொல்லாதவரை, சார்ஜுக்குத்தான் சொருகினோம் என்று எடுத்துக்கொள்ளும். ஐபோன் என்றால் ‘இந்தக் கணினியை நம்பலாமா?’ என்று கேட்கும். சரி என்றால்தான் உள்ளே விடும்.

எனக்குச் சுருக்கென்றது. தைப்பூசத்துக்குப் போகிறோம், உறுமி கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது. நல்லா சார்ஜ் ஏறுது. ஆனால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, இந்தப் பதிகத்தை எப்படிப் பாடணும்?” என்று கேட்டோமா? நாம் கேட்காத வரை அவரும் பூட்டிய போன்தான்.

தில்லையிலும் இதுதானே நடந்தது! தேவார ஏடுகள் அங்கே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம். சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தான். நம்பியாண்டார் நம்பி உள்ளே போய்ப் பார்த்தால், ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. அரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நம் கையில் உள்ள சுமார் 800 பதிகங்கள். போனது போனதுதான். நம் தோட்டங்களிலும் லயங்கள் காலியாகி வருகின்றன, தம்பி. கறையான் எல்லாருக்கும் பொதுதான்.

அன்று இரவு 11 பாட்டுகள் கணினிக்கு வந்து சேர்ந்தன. உடனே பென் டிரைவிலும் ஒரு நகல் போட்டோம். கடைசிப் பாட்டு மட்டும் பாதியிலேயே நின்றது. பாடும்போதே போன் அணைந்திருக்க வேண்டும். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மீதி பாட்டிக்குத் தெரியும்ணே. கூடவே பாடுவாங்க.”

வரும் வெள்ளிக்கிழமை பாட்டியை வகுப்புக்கு அழைத்து வருகிறான்.