பேச இயலாதவருக்காக ஒரு கையெழுத்து

காலையில் நம்மோடு உரையாடிக்கொண்டிருந்தவர், நண்பகலில் வாய் கோணி, வலக்கை தளர்ந்து, சொல்லிழந்து கிடக்கிறார். கழுத்தின் இடப்புறத் தமனியில் பல்லாண்டுகளாகப் படிந்த கொழுப்பின்மேல் குருதி உறைந்து, மூளைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டது. உடனே அறுவை செய்தால் மீண்டும் பேசலாம். அதே அறுவையால் உயிர் பிரியவும் கூடும். ஒப்புதல் படிவம் நம்மிடம் நீட்டப்படுகிறது. நாம் என்ன செய்வது?

மருத்துவ வரலாறு இதற்கு எளிய விடை தருவதில்லை. 1954-இல் இலண்டன் புனித மேரி மருத்துவமனையில், சிறு பக்கவாதத் தாக்குதல்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளான ஒரு பெண்ணின் கழுத்துத் தமனியைச் சீரமைத்து, மருத்துவர்கள் வெற்றி கண்டனர். பின்னர், கடும் பக்கவாதத்தில் வீழ்ந்தவர்களுக்கும் இவ்வறுவை அவசரமாகச் செய்யப்பட்டது. 1960-களில் வெளிவந்த அறிக்கைகள் மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தன. நலிந்த மூளைத் திசுவுக்குள் குருதி மீண்டும் பாய்ந்ததால், மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டுப் பலர் இறந்தனர். ஆகவே, சில வாரங்கள் பொறுத்திருப்பதே முறை என்றாயிற்று.

பொறுமைக்கும் விலையுண்டு. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006-இல் கணக்கிடப்பட்டது. சிறு தாக்குதலுக்குப்பின் இரு வாரங்களுக்குள் செய்யும் அறுவையே மிகுந்த பயன் தரும் என 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்று உறைவைக் கரைக்கும் மருந்தும், குழாய் செலுத்தி அதை அகற்றும் முறையும் முன்னிடம் பெற்றுள்ளன. அவசரத் தமனி அறுவை, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே செய்யப்படுகிறது.

விரைந்தவரும் நல்லெண்ணத்தோடுதான் விரைந்தனர். பொறுத்தவரும் அவ்வாறே பொறுத்தனர். இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். ஆனால் அறிவோ, நூற்றுக்கு இத்தனை பேர் என்றுதான் சொல்லும். நம்முன் கிடப்பவர் நூறு பேர் அல்லர்; ஒருவர்.

இங்கே நம் மனச்சான்றை நாம் சோதித்தாக வேண்டும். ‘எல்லாம் செய்து பார்த்தோம்’ என்று ஊருக்குச் சொல்வதற்காகக் கையெழுத்திடுகிறோமா? ‘நம்மால்தான் இறந்தார்’ என்னும் பழிக்கு அஞ்சி மறுக்கிறோமா? இரண்டிலும் நாம் காக்க முயல்வது நம்மையே, அவரை அன்று. நாம் எதைத் தாங்குவோம் என்பதன்று கேள்வி. அவர் எதை விரும்புவார் என்பதே கேள்வி. சொல்லையே வாழ்வாகக் கொண்ட ஆசிரியர், அதற்காக உயிரையும் பணயம் வைக்கத் துணியலாம். பேச்சின்றியேனும் பேரப்பிள்ளைகளைக் கண்ணாரக் கண்டிருந்தால் போதுமென மற்றொருவர் எண்ணலாம். பேச்சிருந்த நாளில் இவற்றை நாம் பேசியிருந்தோமா?

பேசாது விட்டிருப்பினும் ஒன்று எஞ்சியுள்ளது. பேச்சிழந்தோர் யாவரும் அறிவிழந்தோர் அல்லர்; நாம் சொல்வது அவர்களுள் பலருக்கு விளங்குகிறது. படிவத்தில் ஒப்பமிடுமுன் அவருடைய இடக்கையைப் பற்றி, எளிய சொற்களால், அவரிடமே கேட்போம். அந்த விரல்களின் அழுத்தம் ஒரு விடையாக இருக்கக்கூடும்.