நல்ல கடிதம் எழுதினால் போதுமா?

ஒரு காரியம் தவறானது என்று உங்களுக்குத் தெரிகிறது. தெரிவதோடு நில்லாமல், அது தவறென்று எழுதவும் நீங்கள் தயங்குவதில்லை. ஆயினும் அதே தவறை நீங்களே நாள்தோறும் செய்து வருகிறீர்கள். அப்படியானால், அதைத் தவறென்றே உணராமற் செய்யும் உங்கள் அயலவரைவிட நீங்கள் மேலானவரா? அல்லது அவரிலும் பார்க்கக் குற்றம் கூடியவரா?

இதற்கு உடனே விடை கூற வேண்டாம், வாசகரே. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட சில கடிதங்களை முதலிற் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்கள் ஓயாமற் கடிதம் எழுதியவர்கள். அக்கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. அவர்களுள் ஒருவரான தோமஸ் ஜெபர்சன், ஒரு பேனா அசையும்போது மறு பேனாவும் அசைந்து பிரதி எடுக்கும் கருவி ஒன்றை 1804ஆம் ஆண்டு முதல் உபயோகித்து, தாம் எழுதியவற்றின் பிரதிகளைக் கவனமாகச் சேர்த்து வைத்தார். எனவே இவர்களுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் சாட்சி சொல்வது இவர்களுடைய சொந்தக் கையெழுத்தே.

சுதந்திரம் இன்றேல் மரணம் என முழங்கியவர் என்று பெயர் பெற்றவர் வேர்ஜீனியாவின் பற்றிக் ஹென்றி. 1773ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் குவேக்கர் சபையினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அடிமைத்தனம் கொடியது என்பதை அதில் அவர் மறுக்கவில்லை. தம் பணம் கொடுத்து வாங்கிய அடிமைகளுக்குத் தாமே எசமானாக இருப்பதை யாராவது நம்புவார்களா என்று கேட்கிறார். அவர்கள் இல்லாமல் இங்கு வாழ்வது வசதிக் குறைவு, அதனால் இழுபட்டுப் போகிறேன் என்கிறார். இதை நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது என்றும் ஒத்துக்கொள்கிறார். எவ்வளவு நேர்மையான எழுத்து! ஆனால் 1799இல் அவர் கண்மூடியபோதும் அடிமைகளின் எசமானாகவே இருந்தார்.

இவரை வெளிவேடக்காரர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. வெளிவேடக்காரன் தன் குற்றத்தை மறைப்பான். இவரோ அதை வெளிப்படையாக அறிக்கையிட்டார். அறிக்கையிட்டபின் அவ்விடத்திலேயே நின்றுவிட்டார். இது வெளிவேடத்தைவிட நுட்பமான நோய்.

ஜோர்ஜ் வோஷிங்டனும் இந்நோய்க்குத் தப்பியவரல்லர். 1786இல் றொபேட் மொறிஸ் என்பவருக்கு எழுதுகையில், அடிமைத்தனம் சட்ட வழியாக ஒழிவதைத் தம்மைவிட உளமார விரும்புபவர் எவருமில்லை என்றார். பத்து ஆண்டுகள் கழிந்தன. ஜனாதிபதி மாளிகையில் அவருடைய மனைவிக்குப் பணிவிடை செய்த ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண், 1796இல் பிலடெல்பியாவிலிருந்து தப்பி, கப்பலேறி நியூ ஹம்ஷயர் சென்றாள். அவளை மீட்டுத் தரும்படி ஜனாதிபதி தம் திறைசேரிச் செயலாளருக்கு எழுதினார். அங்கிருந்த சுங்க அதிகாரி அவளுடன் பேசினார். எசமானும் எசமானியும் இறந்தபின் விடுதலை கிடைக்கும் என்று வாக்களித்தால் திரும்பி வருவதாக அவள் சொன்னதாக அவர் அறிவித்தார். வோஷிங்டன் மறுத்துவிட்டார். அடிமைகளின் விடுதலைக்குத் தாம் எவ்வளவு சார்பானவராயினும், விசுவாசம் தவறியவளுக்கு முதலிடம் கொடுப்பது நீதியாகாது என்பது அவருடைய பதில். கொள்கையளவில் விடுதலையை விரும்பிய அதே பேனா, வாசலில் நின்று விடுதலை கேட்ட ஒருத்திக்கு இல்லை என்று எழுதியது. ஓனா திரும்பவேயில்லை. வறுமையில் வாழ்ந்தாலும் சுதந்திரமாக வாழ்ந்து 1848இல் இறந்தாள்.

இனி நாம் மிகவும் ஊன்றி நோக்கவேண்டிய கடிதங்களுக்கு வருவோம். 1814ஆம் ஆண்டு யூலை மாதம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சனுக்கு அப்போது வயது 71. ஜனாதிபதி மடிசனின் காரியதரிசியாக இருந்த எட்வேர்ட் கோல்ஸ் என்னும் 27 வயது இளைஞர் அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். தந்தையிடமிருந்து அடிமைகளை முதுசமாகப் பெற்ற இவ்விளைஞர், அவர்களை வைத்திருக்கத் தம் மனச்சான்று இடங்கொடாமையால் வேர்ஜீனியாவை விட்டே வெளியேறத் தீர்மானித்திருந்தார். தாங்கள் முன்னின்று வழிகாட்டினால் அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று அந்த முதியவரை அவர் வேண்டினார்.

ஆகஸ்ட் மாதம் பதில் வந்தது. இளைஞரின் எண்ணம் மிக உயர்ந்தது, விடுதலையின் நேரம் காலத்தோடு வந்துகொண்டிருக்கிறது என்று ஜெபர்சன் பாராட்டினார். ஆனால் தம்மை முன்வரச் சொல்வது, திரோய் நகரத்து முதிய அரசனை மகனின் போர்க்கவசம் அணியச் சொல்வது போன்றது என்றார். இது இளையவர்களுக்குரிய பணி. நீர் ஊரைவிட்டுப் போகவேண்டாம், உமது அடிமைகளுக்கு உணவும் உடையும் அளித்துப் பேணும், மெல்ல மெல்ல மற்றவர்களின் மனத்தை மாற்றும் என்று புத்தி சொன்னார். இம்முயற்சிக்குத் தம் செபங்கள் உண்டு, முதியவனின் ஆயுதம் அவைதாம் என்றும் எழுதினார்.

செப்டெம்பரில் கோல்ஸ் மரியாதை குறையாமல் மறுமொழி அனுப்பினார். தங்கள் வயதினருக்குச் செபம் ஒன்றே ஆயுதம் என்பதை ஏற்க முடியவில்லை என்றார். பெஞ்சமின் பிராங்கிளின் தங்கள் வயதைக் கடந்த பின்னரும் அரும்பணி ஆற்றினாரே என்று நினைவூட்டினார். அவர் சொன்னது உண்மை. ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவரும், அவர்களை விற்கும் விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் அச்சிட்டவருமான பிராங்கிளின், முதுமையிற் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில் அடிமைத்தனத்திற்கு எதிரான மனுவிற் கையெழுத்திட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். அடுத்த ஏப்ரலில் 84ஆவது வயதில் இறந்தார்.

ஜெபர்சனின் முதுமை அவரை எல்லாப் பணிக்கும் தகுதியற்றவராக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இதற்குப் பின்னரே அவர் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை நிறுவ அயராது உழைத்தார். கட்டிடங்களுக்குத் தாமே வரைபடம் வரைந்தார். 1825இல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 81. மனம் விரும்பிய பணிக்கு முதுமை தடையாக நிற்கவில்லை. மனச்சான்று கேட்ட பணிக்கு மட்டுமே தடையாயிற்று.

நியாயத்தின்பொருட்டு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜெபர்சன் கடனில் மூழ்கியவர். 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேர்ஜீனியாவில் விடுதலை பெறும் அடிமை ஓராண்டுக்குள் அம்மாநிலத்தை விட்டு வெளியேறவேண்டியிருந்தது. ஓநாயைக் காதில் பிடித்திருக்கிறோம், பிடித்து வைத்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது என்று 1820இல் அவர் தம் நாட்டின் நிலையை வருணித்தது வெறும் சாட்டன்று. அந்த அச்சம் மெய்யானது. ஆயினும் அந்த உவமையில் ஒரு தவறு உண்டு. காதிற் பிடிக்கப்பட்டிருந்தது ஓநாயன்று, மனிதர். வாழ்நாளில் 600க்கு மேற்பட்டோரை உடைமையாகக் கொண்டிருந்த அவர் முறைப்படி விடுதலை செய்தவர்கள், உயிரோடிருக்கையில் இருவர், மரணசாசனத்தால் ஐவர். அவர் இறந்தபின், 1827 ஜனவரியில், அவருடைய மொன்டிசெலோ இல்லத்தில் 130 பேர் ஏலத்திற்கு விடப்பட்டனர். வரும் வரும் என்று அவர் எழுதிய நேரம் அவர்களுக்கு வந்த விதம் இது.

கோல்சோ 1819இல் தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஒகையோ நதியிற் படகிற் செல்லும்போது, நீங்கள் இனி எனக்கு அடிமைகளல்லர் என்று அறிவித்தார். இலினோய் மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். விடுதலை கொடுத்ததற்காக வழக்கிலும் இழுக்கப்பட்டார். 1822இல் அம்மாநிலத்தின் ஆளுநராகி, அங்கே அடிமைத்தனத்தைச் சட்டமாக்க முயன்றவர்களை எதிர்த்து நின்றார். 1824இல் மக்களின் வாக்கு அம்முயற்சியைத் தோற்கடித்தது. வேர்ஜீனியாவின் றொபேட் காட்டரும் 1791இல் ஒரு பத்திரம் எழுதி, ஏறக்குறைய 500 பேரைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். வோஷிங்டனுங்கூட 1799இல் எழுதிய மரணசாசனத்தில் தமக்குரிய 123 பேரை விடுவிக்க ஏற்பாடு செய்தார். காலம் தாழ்த்தியதாயினும், கடிதத்தால் ஆகாததை அந்தச் சாசனம் செய்தது.

கடிதத்திற்கும் சாசனத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கடிதம் எழுதுபவனிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை. சாசனமோ அவன் கையைக் கட்டுகிறது. அவன் எதை இழக்க ஒப்புகிறான் என்பதைக் கேட்கிறது.

இதைப் படித்துவிட்டு அந்நாட்டினரைப் பழிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. சுதந்திரப் பிரகடனத்திற் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கரான சாள்ஸ் கரலும் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர். 1838இல் மேரிலாந்தின் இயேசு சபையினர் 272 பேரை விற்றனர். பாவசங்கீர்த்தனத்திற்கு மனஸ்தாபமும் பரிகாரமும் வேண்டும் என்று மற்றவர்களுக்குப் போதித்தவர்களே தம் காரியத்தில் அதை மறந்தனர்.

அப்படியானால் நல்ல சொற்கள் வீணா? அல்ல. 1776இல் எழுதப்பட்ட அந்த வாக்கியத்தையே அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெட்றிக் டக்ளஸ் பின்னாளில் கையிலெடுத்து, அந்நாட்டைக் கேள்வி கேட்டார். ஆபிரகாம் லிங்கனும் அதையே ஆதாரமாகக் கொண்டார். நல்ல சொல் எழுதியவனைக் கடந்தும் பிறருக்கு உதவும். ஆனால் எழுதியவனை அது விடுவிப்பதில்லை. அவன் அறிந்திருந்தான் என்பதற்குச் சாட்சியாய் நிற்கிறது.

இப்போது முதலிற் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். தவறை உணர்ந்தவன் உணராதவனைவிட ஒரு படி மேலே நிற்கிறான், அடுத்த படியிற் கால் வைத்தால். அங்கேயே உட்கார்ந்துவிட்டால், அவனுடைய அறிவே அவனுக்குக் குற்றச்சாட்டு. வீட்டு வேலைக்கு நிற்கும் பிள்ளையைப் பற்றியோ, கொடுக்க வேண்டிய கூலியைப் பற்றியோ, சாதியின் பெயரால் தள்ளிவைத்த அயலவரைப் பற்றியோ நாமும் அழகாகப் பேசுகிறோம். அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ளும் என்றும் சொல்லிக்கொள்கிறோம். இன்றிரவு உங்கள் மனச்சான்றைச் சோதிக்கையில், நான் எதைத் தவறென்று சொன்னேன் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். சொன்னதற்காக எதை விட்டுக்கொடுத்தேன் என்றும் கேளுங்கள்.