'அரிசிக்கு மாறினவங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி



நண்பர்களே, இந்தப் பதிவு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

"அரிசி மூட்டைக்கு மதம் மாறினவங்க"ன்னு கிண்டல் பண்ற ஒரு ஃபார்வர்டை யோசிக்காமல் ஸ்டேட்டஸ்ல போட்டேன். அரை மணி நேரத்துல காலேஜ் ரூம்மேட் போன் பண்ணினான். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்பாவை இழந்தவன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது.

"மச்சான், எங்கம்மாவுக்கு அரிசி எல்லாரும்தான்டா குடுத்தாங்க. எல்லாரும் கிளம்பிப் போனதுக்கு அப்புறமும் உதவிக்கு வந்த ஒரு அக்கா மட்டும் வாராவாரம் வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போனாங்க. ஒரு நாள் கூட சர்ச்சுக்குக் கூப்பிடல. அம்மாவாதான் 'நீ யாரும்மா கும்பிடுற'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கதை."

இவ்வளவுக்கும் அவன் இன்னைக்கும் திருநீறு பூசுறவன். எனக்குப் பதில் வரல. ஸ்டேட்டஸை அழிச்சேன். கேள்வியை அழிக்க முடியல. துன்பத்துல கை கொடுத்தவங்க மூலமா வர்ற நம்பிக்கை உண்மையான நம்பிக்கையா, இல்ல நன்றிக்கடனா?

நாகை வரைக்கும் போக வேண்டாம், இதே கேள்வி நம்ம நாமக்கல் கொல்லிமலையிலயும் இருக்கு. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் இருவரும் 1913-ல் திருமணம் முடிந்து அந்த மலையில் குடியேறினார்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன்தான். 1914-ல் பிறந்தவர். ஆண்டுக்கணக்கில் பிரசங்கம் செய்தும் மலை மக்கள் மதம் மாறவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள், சாமியை மாற்றிக்கொள்ளவில்லை.

1918-ல் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் மலைக்கும் ஏறியது. அந்தக் குடும்பத்தைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் சொல்வது இது: அவர்களைக் கடுமையாக எதிர்த்த ஒரு பூசாரி காய்ச்சலில் விழுந்தார். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து யாரும் கிட்டப் போகவில்லை. கஞ்சியோடு போய்ப் பக்கத்தில் இருந்தது இந்த இரண்டு பேர்தான். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலையில் சிலர் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தேடி வந்தார்கள்.

இதை அரிசிக் கணக்கில் எழுத முடியுமா? சாகப்போற மனுஷனுக்கு என்ன லாபம்? அவர் பார்த்தது ஒன்றுதான்: தன் உயிருக்குப் பயப்படாமல் யார் வந்தாங்க.

அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. பசியில் இருக்கிறவனிடம் "ஜெபத்துக்கு வா, அப்புறம் சோறு"ன்னு சொல்றது உதவி இல்லை, வியாபாரம். அவன் 'வேண்டாம்'னு சொல்லக்கூடிய நிலையில் இல்லையே! அதை யார் செய்தாலும், எந்தச் சாமி பேரில் செய்தாலும் தப்புதான். எனக்குத் தெரிந்த சோதனை இது: அவன் மாறாவிட்டாலும் நீ திரும்ப வருவியா? அந்த அக்கா வந்தாங்க. ஈவ்லின் அம்மையார், 1929-ல் கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும் திரும்பி வந்து, 1974-ல் 95 வயதில் இறக்கும் வரை மலைவாசிகளுக்காகவே உழைத்தார். கணவர் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கம்.

முதலில் ஒரு சமாதானம் தோணுச்சு: "அந்த வடிவத்துல வந்ததும் முருகன்தானே!" சொல்ல நல்லாதான் இருக்கு. ஆனா நண்பனோட அம்மாகிட்ட அதைச் சொன்னா, அவங்க கண்டெடுத்ததை அவங்க கையிலிருந்து பிடுங்கின மாதிரி ஆகும். அவங்க நம்பிக்கை அவங்களுடையது. எனக்கு மிச்சம் இருப்பது வேற கேள்வி.

என் போன் வால்பேப்பர்ல வேல், கீழே "யாமிருக்க பயமேன்". காய்ச்சல்ல கிடந்த அந்தப் பூசாரி வீட்டு வாசலில் அந்த வார்த்தையைச் சொல்ல நம்மாளு ஒருத்தர் கூட நிக்கலையே! மாறினவங்களைப் பார்த்து "ஏன் போனே"ன்னு கேட்கிறோம். "அப்ப நான் எங்க இருந்தேன்"னு கேட்டோமா?

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போறப்ப வழியெல்லாம் பார்த்திருப்பீங்க. முன்பின் தெரியாதவங்க மோர் கொடுப்பாங்க, கொப்புளத்துக்கு மருந்து போடுவாங்க. எந்த ஊரு, என்ன சாதின்னு யாரும் கேட்க மாட்டாங்க. நமக்கு இது தெரியாத வித்தை இல்லை. அந்தப் பத்து நாளோட முடிச்சிடறோம், அதுதான் குறை.

நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். "அம்மாகிட்ட பேசுடா"ன்னு போனைக் கொடுத்தான். அவங்க கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்டியா கண்ணு?"

உங்க தெருவில் தனியா இருக்கிற ஒரு பெரியவர் வீட்டுக்கு இந்த வாரம் ஒருமுறை போய்ட்டு வாங்க. அடுத்த வாரமும் போங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!